ஊசித்துளை

அதற்கு முன் சாவைப் பற்றி
ஒன்பது படங்கள் எடுத்திருந்தேன்.
சாலையோரம் செத்துக்கிடந்த காட்டெருமையின் கண்,
அதில் ஒரு துண்டு வானம்.
விளக்கடியில் குவிந்த விட்டில்கள்.
பாசி தின்றது போக மிச்சமிருந்த
ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் பெயர்.
எல்லாம் கறுப்பு வெள்ளை.
சென்னையில் மாட்டியபோது
வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.
எனக்குப் பெருமையாக இருந்தது.

தை பிறந்து மூன்றாம் நாள்
கோத்தகிரியிலிருந்து கேரட் மூட்டைகளோடு இறங்கிய வண்டி
ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பவில்லை.
ஞானசீலன். என் தம்பி. இருபத்தாறு.

"நீதான் நல்லா எடுப்பியே" என்றார்கள்
பெட்டியை மூடும் முன்.
பெட்டிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.
சித்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.
ஃபோகஸ் பார்த்தேன், வெளிச்சம் அளந்தேன்.
விரல் அமுங்கவில்லை.
கடைவீதி ஸ்டூடியோக்காரர் வந்து
ஃபிளாஷ் போட்டு எடுத்துக் கொடுத்தார்,
ஆறு காப்பி, லேமினேஷன் தனிக் காசு.

ஏழாம் நாள் பூசை முடிந்து
பால் பவுடர் டப்பா ஒன்றுக்கு உள்ளே கறுப்படித்தேன்.
கூல்டிரிங்க்ஸ் டின்னில் வெட்டிய தகடு,
அதில் ஊசி முனையால் ஒரு துளை,
எதிரே வளைத்து ஒட்டிய போட்டோத் தாள்.
கல்லறைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில்
சாக்குக் கயிற்றால் இறுக்கினேன்,
கிழக்கே பார்த்து, அவன் சிலுவையைப் பார்த்து.
தேயிலைக்குள்ளிருந்து வாட்ச்மேன் பெள்ளி கேட்டார்:
"தேனீ வைக்கிறீங்களா?"
ஆமாம் என்றேன்.
"கொட்டுமா?"
தெரியலை என்றேன்.

அறுபத்து மூன்று நாள் இமைக்காமல் இருந்தது டப்பா.
முப்பதாம் நாளுக்கு
இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள்.
அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண்
நின்றுகொண்டே இருந்தாள், யாரோ கூப்பிடும்வரை.
அப்பா வீட்டிலிருந்து
நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்.
காலையில் ஒரு மணி நேரம் உட்காருவார்,
பிறகு லீஃப் எடை போடக் கிளம்பிவிடுவார்.
காற்று நாற்காலியைத் தள்ளும்.
மறுநாள் அதே நான்கு குழியில்
அதே நான்கு கால்களை நிறுத்துவார்.

பங்குனியில் டப்பாவைத் திறந்தேன்.
சூரியன் நாளுக்கொரு கோடு கிழித்து
வடக்கே நகர்ந்திருந்தது.
உறைபனி கரையத் தாமதித்த காலைகளில்
கோடு நடுவில்தான் ஆரம்பிக்கிறது.
மஞ்சு மூடிய நாட்களில் கோடே இல்லை.
சிலுவை இருக்கிறது. வேலி இருக்கிறது.
அழுதவர்கள் ஒருவர்கூட இல்லை.
இரண்டு வேன் ஆட்களும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை.
வெளிச்சத்துக்கு
அவ்வளவு நேரம் போதாது.

நாற்காலி மட்டும் பாதி தெரிகிறது,
அதன் வழியாகச் சிலுவையின் அடிப்பாகமும்.
முதுகுப் பக்கம் ஒரு மங்கல்.
அப்பாவின் சட்டையாக இருக்கலாம்.
மஞ்சாகவும் இருக்கலாம்.

இந்தத் தாளைக் கழுவ முடியாது, கழுவினால் கறுத்துப்போகும்.
பார்க்கவும் வெளிச்சம் வேண்டும்,
பார்க்கும் வெளிச்சமும் இதைத் தின்னும்.
ஸ்கேன் எடுத்துப் பெரிதாக அச்சிட்டு
பத்தாவது படமாக மாட்டினேன்.
ஒருவர் கேட்டார்,
மூடுபனியை எந்த சாஃப்ட்வேரில் செய்தீர்கள் என்று.

அப்பாவுக்கு அச்சு வேண்டாம்.
ஞாயிறு பூசை முடிந்து வந்ததும்
செருப்பைக்கூடக் கழற்றாமல்
"அந்த டப்பாப் படம்" என்பார்.
கதவைச் சாத்தி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு,
கறுப்புக் கவரிலிருந்து உருவி எடுக்கிறேன்.
டார்ச்சை உள்ளங்கையால் பொத்தி
விரலிடுக்கில் கொஞ்சமாய்க் கசியவிடுகிறேன்.

"நாற்காலி நல்லா விழுந்திருக்கு" என்கிறார்.
மனசுக்குள் மூன்று எண்ணி அணைக்கிறேன்.
இருட்டில் அவர் மூச்சு,
கம்பளி வாசனை.
"இன்னொரு தடவை போடு" என்கிறார்.
போடுகிறேன்.