நிறுவை

மஸ்கெலியா பஸ்ஸில் பொலிஸ்காரர் ஏறினார்.
எல்லோரும் சட்டைப்பையைத் தொட்டார்கள்,
கைப்பையைத் திறந்தார்கள்.
நான் மட்டும் சாக்குப்பையின் அடியில்
அரிசிக்குக் கீழே
பொலித்தீனில் சுற்றி வைத்த பாஸ்போட்டைத் தேடினேன்.
அட்டையிலிருந்த சிங்கங்களை ஒரு தரம் பார்த்தார்,
என்னை ஒரு தரம்.
"இந்தியாவா?"
பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

கூடலூரில் எங்களைச் சிலோன்காரர் என்பார்கள்,
ரேஷன் கடை வரிசையிலும்.
அப்பா இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார்.
ஏழு வயதில் கப்பலேற்றி விட்டார்கள்.
இதைச் சொன்னால் ஏதாவது ஆகுமென்று
விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதினேன்.
"அதுக்கு இதில கட்டம் இல்ல" என்றார் கிளாக்கர்.

கட்டம் இருந்தவை வேறு.
வீட்டு இலக்கம், வீதியின் பெயர்.
வீதி இல்லை ஐயா, படிதான்.
நூற்றுப் பதினாலு. இறங்கும்போது எண்ணினேன்.
கீழ்ப்பிரிவு, பழைய லயம், ஏழாவது காம்பரா
என்று எழுதி, சீல் காய ஊதினார் கிராம சேவகர்.
தபால் தோட்டத்து ஆபீஸ்வரை வரும்.
அதற்கு மேலே ஏற
அதற்கும் மனசு வர வேண்டும்.
நீர்த்தேக்கம் வற்றிய மாசியில்
மூழ்கிய ஊரின் கோயில் தலைகாட்டியது.
தபால் கந்தோரும் அங்கேதான் எங்கேயோ இருந்ததாம்,
நவநீதன் கைகாட்டினார்.
தண்ணிக்குள் கிடந்தும்
விலாசம் தொலைக்காத ஊர்.

என் பெயர் எழிலரசி.
சிங்களத்தில் ழ இல்லை.
எலிலரசி என்று வந்து சேர்ந்தது கடிதம்.
நவநீதன் வாய்பொத்திச் சிரித்தார்:
"எலிக்கு அரசி. லயத்துக்குப் பொருத்தம்தான்."
இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.
மூன்றாம் ராத்திரி தகரத்துக்கு மேலே
குடுகுடுவென்று ஏதோ ஓடியது.
"என் குடிமக்கள்" என்றேன், நானே.

வருசத்துக்கொரு முறை பத்தரமுல்ல.
ராத்திரி பஸ், விடியும் முன் டோக்கன்,
கண்ணாடிக்குப் பின்னால் நகராத ஒரு முகம்.
சம்பளத்துக்கு வேலை செய்யலாகாது என்று
விசாவிலேயே அடித்துத் தந்தார்கள்.

ஆகவே நான் வேலை செய்வதில்லை.
மச்சாள் தவமணிக்கு
இரண்டு கைகள் கூடுதலாக முளைத்திருக்கின்றன,
அவ்வளவுதான்.
கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார்,
சாக்கைத் தூக்கிய ஆளைப் பார்ப்பதில்லை.
"இருபத்துநாலு.
தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு.
இருபத்தொண்ணு, தவமணி."
கொழுந்து குறைந்த நாளில்
இங்கே அரைப்பேர் போடுவார்கள்.
எனக்கு அந்த அரைப்பேரும் இல்லை.
கறை மட்டும் என் விரலில்.

பிறகு இரண்டு மாதம் நாள் தள்ளிப்போனது.

கிளினிக்கில் மிட்வைப் ரம்யலதா நோனா
உடைந்த தமிழில் பெயர் கேட்டார்.
வழக்கம்போல் பாஸ்போட்டை எடுத்தேன்.
"அது வேணாங். வாயில சொல்லுங்க."
சொன்னேன்.
ழ-வில் அவர் நாக்கு வழுக்கி நின்றது.
இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரம்.
கடைசியில் அட்டையை என் பக்கம் திருப்பி
பேனையை நீட்டினார்.
நான்கைந்து எழுத்துதான்.
அழுத்தி எழுதியதில் பின்பக்கம் வரை பதிந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு தராசில் ஏறினேன்.
வெளியே மழை. சேலை முழங்கால்வரை ஈரம்.
எனக்கு முன்பே இந்த நாட்டில்
இலக்கம் வாங்கப் போகிற ஒன்று
உள்ளே இருந்தது, புளியங்கொட்டை அளவில்.
முள் ஆடி ஆடி நின்றது.
நாற்பத்தொன்பது.
நாற்பத்தொன்பது என்றே எழுதினார் நோனா.
தண்ணிக்கென்று எதையும்
கழிக்கவில்லை.