பங்குனி மழை

வாலிநோக்கம் அளத்தில்
உப்பு அம்பாரத்தின் மேல்
கும்பினி முத்திரைக் கட்டையை அமுக்கி வைப்பதற்கு
எனக்குச் சம்பளம்.
முத்திரை கலைந்தால் திருட்டு.

மணங்குக்கு இன்னும் நாலணா ஏற்றியபோது
செய்யிது மரைக்கார் மனு எழுதினார்.
முந்நூறு கைநாட்டு.
ராமநாதபுரம் போனது, மதுரை போனது,
திரும்பி வந்தது:
மனுவுக்கும் முத்திரைத்தாள் காசு கட்டவேண்டுமாம்.

அந்த வாரம் கரையெல்லாம் நெத்திலி அழுகிக் கிடந்தது.
உப்பில்லாமல் மீன்
எத்தனை நேரம் மீனாக இருக்கும்?

மாசிக் கடைசியில்
முத்திரை இருந்த இடத்தில்
ஒரு வெறுங்கால் தடம்.
மறுநாள் ஏழு.
சனிக்கிழமை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

தாரோகா குதிரையைவிட்டு இறங்கவில்லை.
"யார் கலைத்தது?"
மழை என்றேன்.
"பங்குனியிலா?"
"இந்தக் கரையில் பெய்யும், எசமான்."

முதல் தடத்தில் சுண்டுவிரல் இல்லை.
திருக்கை முள் குத்திப் புரையோடி
நாட்டு வைத்தியர் எடுத்த விரல் அது,
வலதுகாலில்.
அன்றிரவு இன்னாசியம்மாள்
குழம்பை ஊற்றிவிட்டு
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
புளி கொஞ்சம் தூக்கல்.
உப்பு சரியாக இருந்தது.

கட்டையைக் கேட்கிறீர்களா?
வைரம் பாய்ந்த பூவரசு.
அடுப்பில் நின்று எரிந்தது.