கொடிக்கயிறு

காகிதப்பட்டறையில் எனக்குத் தெரிந்து
காகிதமும் இல்லை, பட்டறையும் இல்லை.
தெருக்கோடியில் மலை.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தப் பாறை
இரவு பதினொரு மணி வரை
எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.
அந்தச் சூட்டில்தான்
பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

பியட் ஆயிரத்து நூறு. என்னைவிட ஒன்பது வயது மூப்பு.
எட்டு வால்வில் ஒன்றுக்கு ஸ்பிரிங் முறிந்துவிட்டது.
ஹெட்டைக் கழற்று என்கிறது கையேடு.
கழற்றினால் கேஸ்கெட் வேண்டும்.
கேஸ்கெட்டுக்குச் சென்னை போக வேண்டும்.
சென்னைக்குப் போக
வண்டி வேண்டும்.

கழற்றாமலும் செய்யலாம்.
ஆனால் ஸ்பிரிங்கை எடுத்த மறுகணம்
வால்வு வழுக்கி சிலிண்டருக்குள் விழும்.
விழாமல் அடியிலிருந்து யாராவது தாங்க வேண்டும்,
விரலே நுழையாத இடத்தில்,
இருட்டில்.

நிமிர்ந்தபோது
மாடியில் எப்சிபாவின் கொடி தெரிந்தது.
நீல நைலான். காலியாகத்தான் இருந்தது.
(இல்லை, ஒரு உள்பாவாடை இருந்தது.
மடித்து அவள் ஜன்னலில் வைத்தேன்.)

பிளக்கைக் கழற்றிய துளை வழியே
கயிற்றை ஊட்டினேன்.
முழம் முழமாக வாங்கிக்கொண்டது,
சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை
திடீரென்று பசித்தது போல.
நுனியில் முடிச்சுப் போட்டு வெளியே விட வேண்டும்.
போன தடவை அதை மறந்து
குடைக்கம்பியை வளைத்து
மூன்று மணி நேரம் மீன் பிடித்தேன்.

இனி பிஸ்டன் மேலே வர வேண்டும்.
வந்தால் கயிறு நசுங்கி, கெட்டியாகி,
வால்வை முட்டுக் கொடுத்து நிற்கும்.
டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு சாண் தள்ளினால் போதும்.
தள்ளத்தான் ஆளில்லை.

"என் கயிறு இன்னாம்மா ஆச்சு?"
டூட்டி முடிந்து வந்தவள்,
துவைத்த துணி வாளியோடு படியில் நின்றாள்.
"எஞ்சினுக்குள்ள கீது."
நம்பாமல் குனிந்து பார்த்தாள்.
நீல வால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.
"எலி மாதிரி கீது" என்றாள்.
வாளியை வைத்துவிட்டு, செருப்பை உதறிவிட்டு
தள்ளினாள்.

கட்டில் காலை அறுத்த குழாய்,
பக்கத்துக்கு ஒன்றாக அரத்தால் ராவிய இரண்டு ஜன்னல்.
அதை ஸ்பிரிங் தலையில் வைத்து
அவள் முழு எடையையும் போட்டு அழுத்த,
பகலில் பல் செட் கட்டும் என் கை
பல் நோண்டும் ஊசி முனையில் கிரீஸ் தொட்டு
நகத்தளவு கோலட் இரண்டையும் எடுத்தது.
முறிந்தது போய்
கொணவட்டத்தில் லாரி உடைக்கிற கடையில் கிடைத்தது ஏறியது,
அரை நூல் உயரம் கூட, பரவாயில்லை.
முதல் கோலட் உட்கார்ந்தது.
இரண்டாவது
டிங்.

"அசையாத" என்றாள் எப்சிபா.
அவளுக்கு ஆபரேஷன் தியேட்டரில் வேலை.
அங்கே எண்ணிக்கை சரியாகாமல்
யாரும் வீட்டுக்குப் போக முடியாதாம்.
பஞ்சு, கத்திரி, ஊசி, எல்லாவற்றையும்
உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று
இரண்டு பேர் சத்தமாக எண்ணுவார்களாம்.
டார்ச்சை வாங்கி
ரேடியேட்டர் பக்கம், பேட்டரிக்கு அடியில், என் காலர் மடிப்பில்,
தரையில் கோடு கோடாக.
அரை மணி கழித்து
அவள் வாளியிலேயே கிடைத்தது,
ஈரத் தலையணை உறைக்குள்.
"ரெண்டு" என்றாள் சத்தமாக.
நானும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.
"ரெண்டு" என்றேன்.

டாப்பெட் இடைவெளிக்குச் சவர பிளேடு.
ஒன்று போக வேண்டும், இரண்டாவது தயங்க வேண்டும்.
தயங்கியது.

கயிற்றை மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்துத்தான் கொடுத்தேன்.
ஆனாலும் மறுவாரம்
அவள் வெள்ளைச் சீருடையின் முதுகில்
ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு.
கீழே நின்று பார்த்தேன். கூப்பிடவில்லை.
அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இப்போது மாடியில் இரண்டு கயிறு கட்டியிருக்கிறாள்.
ஒன்றில்
துணி போடுவதில்லை.