மூச்சு விடும் இடம்

முதல் ஆறு பதிவிலும்
தாள் புரளும் சத்தம்.
கூடலூரிலிருந்து ஒருவர் போன் போட்டுக் கேட்டார்:
"கோத்தகிரியில எப்பவும் மழைதானா மேடம்?"

மழையில்லை.
நாலாம் பக்கத்தைத் திருப்பும்போது
யோகராணிக்கு விரல் விறைத்திருந்தது,
அவ்வளவுதான்.

குனிந்து படித்தால்
தாடை நெஞ்சில் இடித்து
குரல் கிணற்றுக்குள் போகிறது.
தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசினால்
இலை விலையில் ஆரம்பித்து
ஃபேக்டரித் தராசின் மேல் ஏறி
கொழுந்தெடுக்க ஆள் கிடைக்காத கதைக்குள் நுழைந்து
அரவேணுவில் நடந்த நாத்தனார் கல்யாணத்தில்
வந்து நிற்கிறது.
விலையை மட்டும் சொல்லவில்லை.

ஆகவே டெலிப்ராம்ப்டர்.
வாங்கவில்லை, செய்தோம்.
போட்டோ ஃப்ரேமிலிருந்து கழற்றிய கண்ணாடி,
தேயிலைப் பெட்டிப் பலகை,
மறைப்புக்கு
கம்பி போன என் குடையின் கறுப்புத் துணி.
கீழே மல்லாந்து கிடக்கும் டேப்லெட்டில்
எழுத்தெல்லாம் இடம்வலம் புரண்டிருக்கும்;
கண்ணாடியில் ஏறியதும் நேராகிவிடும்.
"நம்ம ஏஜெண்ட் மாதிரி" என்றாள்,
"முகத்துக்கு முன்னாடி மட்டும் நேர்."

நாலு பக்கமும் கம்பளி தொங்கும் அறை.
ஃப்ரிட்ஜை அணைத்தாயிற்று.
முதல் நாள் அவள் படித்தது
பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு.
அடைப்புக்குறிக்குள் நான் எழுதியிருந்த
'சிரிக்கவும்' என்பதையும்
சிரிக்காமல் படித்தாள்.

வேகம் என் கட்டைவிரலில்.
விரட்டினால்
கடைசி மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.
தளர்த்தினால்
அடுத்த சொல்லின் வாசலில் நின்று
செருப்பைத் தேடுகிறாள்.

மூன்று சனிக்கிழமை போனபின் தெரிந்தது,
கோளாறு விரலில் இல்லை.
நான் எழுதியது பத்தி.
கண்ணாடி எங்கே முடிகிறதோ
வாக்கியமும் அங்கே ஒடிந்தது.

'விலை இரண்டு ரூபாய் ஏறும்
என்று யாரும் நம்ப வேண்டாம்.'

முதல் வரியில் குரல் ஏறிவிட்டது.
இரண்டாவதில்
இறங்கப் படி இல்லை.

அன்றிரவு உட்கார்ந்து உடைத்தேன்.
பழைய பதிவுகளை ஹெட்போனில் ஓடவிட்டு
அவள் மூச்சு வாங்கும் இடமெல்லாம்
பென்சிலால் கோடு.
உறைபனிக்கு முன்னால் ஒன்று.
கடனுக்குப் பின்னால் ஒன்று, நீளமாக.
'ஒலிப்பதிவு' என்று சொல்லி
என் பெயரைச் சொல்வதற்குள் ஒன்று.
அதை
இத்தனை வாரமும் எடிட்டிங்கில்
நான்தான் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன்.

மறு சனிக்கிழமை
கண்ணாடியில் ஏறியது இப்படி:

பனி
ஓடையோரத்தில் விழுந்தது.
கொழுந்து கருகியது.
செடி

அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே
காட்டெருமை ஒன்று மூக்கால் சீறியது.
அவள் நிறுத்தினாள்.
என் விரலும் நின்றது.
அவளுடைய பதினாறு சென்ட்டும்
அந்த ஓடையோரம்தான்,
எனக்குத் தெரியும்.
'செடி' கண்ணாடியில் அப்படியே நின்றது,
அதன் பின்னால் கேமராவின் சிவப்புப் புள்ளி.
எருமை நகர்ந்தது, புல் முறியும் சத்தம்.
நான் மெல்ல ஒரு வரி ஏற்றினேன்.

"இருக்கு" என்றாள்.
நான் எழுதியது 'இருக்கிறது'.
திருத்தவில்லை.

கடைசியில்
ஒலிப்பதிவு
என்று ஒரு வரி.
பிறகு ஒன்றுமில்லாத வரி.
பிறகு
சற்குணம்.

கூடலூர்க்காரர் திரும்பவும் போன் போட்டார்.
"மழை விட்டுருச்சு போலயே மேடம்?
இப்படிப் பாக்காம பேசுங்க,
பாத்துப் படிச்சாத்தான் காதுல ஒட்ட மாட்டேங்குது."
அவள் போனைப் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் உரம்.
யூரியா, பொட்டாஷ், மூட்டைக்கு எவ்வளவு, ஏக்கருக்கு எத்தனை.
பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன்,
மூச்சு விட
ஓர் இடம் கிடைக்கவில்லை.