டம்ளர் நகரும்

சோமனூர்க் கிளை நூலகத்துக்கு
ஒரு வட்டு அலமாரி வந்தது,
கடையை மூடிய வீடியோக்காரர் கொடுத்தது.
இருநூற்றுப் பதினான்கு படம், இசை.
கூடவே ஒரு பழைய டிவிடி பெட்டி.
அதன் ரிமோட்டில்
நிறுத்தும் பொத்தான் மட்டும் வேலை செய்யாது.

சுற்றறிக்கை சொன்னது:
வாரம் மூன்று பணியாளர் பரிந்துரை
பலகையில் எழுதி வைக்கவும்.
பணியாளர் என்றால்
மூன்றாம் நிலை நூலகர், நான்.
தினக்கூலி, பர்வீன்.
காலையில் கூட்ட வரும் ருக்குமணியக்காவை
சுற்றறிக்கை கணக்கில் சேர்க்கவில்லை.
நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

பர்வீன் எழுதுவாள்:
'கடைசி இருபது நிமிடம் பார்க்காதீர்கள்.
அதுவரை பிரமாதம்.'
அக்கா சொல்வதை நான் எழுதுவேன்:
'இதுல ஒரு மாமியா வர்றா.
நல்லவதான். நம்பலாம்.'
நானாக எழுதியவற்றில்
ஒளிப்பதிவு என்ற சொல் இருக்கும்,
கதைமாந்தர் என்ற சொல் இருக்கும்.
ஒருவரும் எடுத்துப் போனதில்லை.

மாதாந்திர மின்தடை அன்று
ராக்கியப்பன் வந்தார்.
தறி நின்ற ஊரில்
செருப்புச் சத்தம்கூடப் பெரிதாய்க் கேட்கும்.
அவருக்குக் கேட்கவில்லை போல,
அழுந்த மிதித்து நடந்தார்.

"பாட்டு வேண்டாமுங்க.
பாட்டில்லாம பின்னால வாசிப்பாங்கல்ல,
அது இருந்தா குடுங்க.
மருமவன் வாங்கிக் குடுத்த பொட்டி
சும்மா கெடக்குது."
"சோகமா, சந்தோசமாங்க?" என்றாள் பர்வீன்,
இரண்டு தரம், சத்தமாக.
"கேக்கற மாதிரி."

எட்டுத் தறிக்கு நடுவே
முப்பத்தொரு வருடம் நின்ற காது.
இரைச்சல் அங்கே குடியேறிவிட்டது.
தறி நின்ற பிறகும்
வாடகை தராமல் இருக்கிறது.

என் கையிருப்பில் சிறந்ததைக் கொடுத்தேன்.
ஒற்றைப் புல்லாங்குழல்,
மலைமேல் ஒரு அஞ்சல்காரன் நடக்கும் படம்.
கேட்டு நானே இரண்டு முறை அழுதது.
மறுநாளே கொண்டுவந்தார்.
"தப்பா குடுத்துட்டீங்களாட்ட இருக்குது.
வெறும் வட்டுங்க இது.
ஒண்ணுமே இல்ல."

அன்று மாலை கதவைச் சாத்திவிட்டு
ஒவ்வொன்றாய்ப் போட்டோம்.
இது பரவாயில்லை, இது கீச்சு,
இது அவருக்கு எட்டாது என்று
நானும் பர்வீனும் காதால் சண்டையிட,
அக்கா டீ டம்ளரைக் கொண்டுபோய்
ஒலிபெருக்கி மேல் வைத்தார்.
"அவருக்குக் கேக்கறத
உங்க காதுகிட்ட எதுக்குக் கேக்கறீங்க?
இதுகிட்டக் கேளுங்க."

வயலினுக்கு டீ அசையவில்லை.
வீணைக்கும் இல்லை.
ஏதோ ஒரு கல்யாணக் காட்சிக்கு
ஆடை மட்டும் சுருங்கியது.
பிறகு, உறை தொலைந்த ஒரு வட்டு,
பேர் தெரியாத படம்.
ஆறு தடத்துக்கும் சலனமே இல்லை.
நிறுத்தலாம் என்றால் பொத்தான் இல்லை.
ஏழாவதில்
அடியிலிருந்து எதுவோ உருண்டு வந்தது.
டீ வட்டம் வட்டமாய் நடுங்கியது.
டம்ளர் ஒரு விரக்கடை நகர்ந்து
விளிம்புக்குப் போனதை
அக்கா எட்டிப் பிடித்தார்.

கெடு பதினான்கு நாள்.
இருபத்துமூன்றாம் நாள் வந்தார்,
அபராதச் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

"ஏழாவதுல ஒரு எடம் வருதுங்க,
ஓடிட்டே இருக்கறது பொக்குனு நின்னு போவும்,
நாடா சிக்குன மாதிரி.
ஒவ்வொரு வாட்டியும்
எந்திரிச்சு நின்னுட்டனுங்க,
சரி பண்ண."
சிரித்தார்.
"இன்னொருக்கா எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன்.
பலகையிலும் எழுதினோம்:
உறை இல்லாத வட்டு, தடம் ஏழு.
டம்ளர் நகரும்.
பரிந்துரை: ராக்கியப்பன், ருக்குமணி.

போன வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
அதை இரண்டு முறை படித்தார்.
இவர்கள் பணியாளர்களா என்று கேட்கவில்லை.
பதிவேட்டில் சிவப்பு மையில்
'விளக்கம் தேவை' என்று மட்டும் எழுதினார்.

பர்வீன்
டீ வாங்கப் போனாள்.