இளஞ்சூடு

ஆயிரத்து நானூறு டிகிரியில் நின்றது.
வெண்தழலுக்குள் முந்நூறு மணி நேரம்
சுமை தொங்க
ஒரு மயிரிழைதான் நீண்டது.
விப்கே கைதட்டவில்லை.
நோட்டில் குறித்துவிட்டு
ஆறிய காப்பியில் ரொட்டியைத் தோய்த்தாள்.

மாலிப்டினம், சிலிக்கான், கிள்ளிப் போட்ட போரான்.
பதினேழாவது கலவை.
முந்தைய பதினாறும் ஜன்னலோர டப்பிகளில்,
மூடிகளில் தீலோவின் கோணல் எழுத்து:
உடைந்தது, விரிந்தது, மறுபடி உடைந்தது,
ஒன்றில் மட்டும் 'ஏன்?'

மாக்டெபர்க்கில் வெள்ளி மாலை.
எல்பே ஆற்றில் பனிப்பாளங்கள் முட்டுவது
இங்கேவரை கேட்கிறது என்பான் தீலோ.
அவளுக்குக் கேட்பது வெற்றிடப் பம்பு.

அதே கம்பியின் இன்னொரு துண்டைச்
சின்ன உலையில் வைத்துப் போனார்கள்,
அறுநூற்றைம்பதில்.
எஞ்சின் சூடேறும்போது
கடந்துபோகும் ஒரு படி, அவ்வளவுதான்.

திங்களன்று திறந்தால்
தட்டில் கம்பி இல்லை.
ஒரு பிடி மாவு.
உலையின் கூரையில்
வெளிறிய ஊசிப் படிகங்கள்,
ஊதினால் உதிர்ந்தன.

கடுந்தீயில் தனக்கொரு கண்ணாடித் தோல்
போர்த்திக்கொள்ளத் தெரிந்தது
இளஞ்சூட்டில் வெற்றுடம்போடு நின்றிருக்கிறது
இரண்டு நாள், மூன்று இரவு.

"பெரிய சண்டையெல்லாம் தாங்கினோம்,
நானும் ரெனாட்டேயும்" என்றான் தீலோ.
"சும்மா இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்..."
முடிக்கவில்லை.

விப்கே மாவை நிறுத்தாள்.
பாதிக்குமேல் காற்றோடு போயிருந்தது.
டைட்டானியம் இருக்கும் அலமாரியைத் திறந்து
புது மூடியில் பதினெட்டு என்று எழுதப் போனாள்.
பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள்.