1127, அடிலைன் தெரு, ஓக்லாந்து

காபிக் கடையாகிவிட்டது வீடு.
வெள்ளிக்கிழமைகளில் பாட
என் அக்கா வெர்லீனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்,
யார் வீடென்று தெரியாமலே.

மைக் நிற்கிற இடம் எங்கள் குளியலறை.
கிட்டாருக்குச் சுருதி சேர்த்தபடி
காலால் தரையைத் தட்டிப் பார்க்கிறாள்,
தொட்டியின் ஓட்டை எங்கே என்று.

புதுப் பாட்டில்
அப்பாவின் இரவு ஷிப்ட் இருக்கிறது,
வங்கி பூட்டுப் போட்ட செவ்வாய்க்கிழமை இருக்கிறது,
எதிர்வீட்டு ஆக்டேவியா
ஸ்டாக்டனுக்குச் சாமான் ஏற்றிய லாரி இருக்கிறது.
முகவரி மட்டும் இல்லை.
"பதினொன்று இருபத்தேழு
எந்தத் தாளத்திலும் உட்காரமாட்டேன் என்கிறது"
என்றாள்.

மூன்றாம் பாட்டு முடிந்ததும்
ஒருவர் வந்து இருபது டாலர் போட்டார்.
இங்கே பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

அவள் நின்ற இடத்தைவிட்டு
ஓரடி நகர்ந்தாள்.